குருவிக் கப்பல்ல ஏறுன ஆளுங்க

...பொண்ணு பாக்க வந்தவங்க பொண்ணப் பாக்கணுமா வேணாமா? நீங்களே ஒரு நியாயத்தச் சொல்லுங்க டிரைவர் தம்பி! வெள்ளனே வந்து எறங்குனாங்க. இப்ப சூரியன் உச்சிக்கு வந்துருச்சு... எங்க வந்துச்சு, இந்தப் பனிமூட்டத்துல சூரியனையே காணோம்... சரி, மத்தியானம் ஆச்சுன்னு வச்சுக்கங்க. என் மக பட்டுச் சேலையக் கட்டி, தலை நெறையப் பூவ வச்சு, காபித் தட்டக் கையில புடிச்சுக்கிட்டு அடுப்படியில நின்னா பாருங்க, நின்னுக்கிட்டே இருந்தா. ‘பொண்ண வரச் சொல்லுங்க’ன்னு ஒருத்தராச்சும் கேக்கணுமே! ம்ஹூம். அம்புட்டுப் பேரும் டிவிக்குள்ள தலைய விட்டுட்டு உக்காந்துருக்காங்க.

இந்தாங்க, டீயப் புடிங்க. இஞ்சி தட்டிப் போட்டது. கண்ணாடிய நல்லா எறக்கி விடுங்க தம்பி, கத்திக் கத்திப் பேசுனா எனக்குத் தொண்ட கட்டிக்கிரும். என்ன, ஏதோ சொல்ல வர்றீங்க? இருங்க இருங்க, நான் ஆரம்பிச்சது பாதியில தொங்குது. முடிச்சுர்றேன், அப்புறம் நீங்க நிதானமாச் சொல்லுங்க. உங்க பேரு? ஞானவேலா? நல்ல பேரு. என் பேரு சேனாதிபதி. டிஷ் சேனாதின்னு கேட்டா செண்பகனூர்ல பச்சப்புள்ளையும் கைகாட்டும். இங்கருந்து கவுஞ்சி வரைக்கும், அந்தப் பக்கம் தாண்டிக்குடி எஸ்டேட்டு வரைக்கும், எந்தக் கூரையில டிஷ்ஷு வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிதோ அது நான் ஏறி மாட்டுனது. இப்பல்லாம் போன்லயே பாத்துக்கிர்றாய்ங்க, நம்ம சோலி படுத்துருச்சு, அது வேற கத.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், டிவி. அத யாரு போட்டது? நான்தான் போட்டேன், இல்லங்கல. ஆனா ஏன் போட்டேன்னு கேக்கணும்ல? கேளுங்க.

மாப்பிள வீடு பழனி. அது உங்களுக்குத் தெரியாததா! அடிவாரத்துல பஞ்சாமிர்தக் கட, மாப்பிள பேரு ராஜேஷ்குமார், எம்.காம் படிச்சுட்டுக் கடையப் பாத்துக்கிர்றாரு. தரகர் சிவமுருகன் சொன்னாரு, ‘அண்ணே, காலையில வேன்ல வர்றாங்க, தயாரா இருங்க’ன்னு. நான் குளுருல கம்பளியச் சுத்திக்கிட்டு கேட்டுலயே நிக்கிறேன். பனின்னா பனி, எதுத்தாப்புல இருக்குற யூகலிப்டஸ் மரமே தெரியல. போன்லயும் டவரு இல்ல. அப்பத்தான் உங்க வேனு லைட்டப் போட்டுக்கிட்டு நம்ம கேட்டுக்கிட்ட வந்து சிலோவாச்சு. நீங்க கண்ணாடிய எறக்கி என்னமோ வழி கேட்டீங்க. நான் விட்ருவேனா? ‘வாங்க வாங்க, இதே வீடுதான், பச்சக் கேட்டு, வாங்க’ன்னு கதவத் தெறந்து ஒவ்வொருத்தரையா கையப் புடிச்சு எறக்குனேன்ல? ரெண்டு மூணு பேரு மொட்ட போட்டுச் சந்தனம் பூசியிருந்தாங்க. பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு தம்பி. பழனிக்காரங்கன்னா பழனிக்காரங்கதான், பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே முருகனுக்கு முடியக் குடுத்துட்டு வந்துருக்காங்களேன்னு!

என்ன தம்பி, தலைய ஆட்டுறீங்க? டீயில சீனி கம்மியா? இருங்க, சொல்லிப்புட்டு எடுத்தாறேன்.

உள்ள வந்து உக்காந்தாங்களா... பெரிய மொட்டக்காரரு செவுத்தப் பாக்குறாரு. ரெட்ட மூக்குத்தி போட்ட ஒரு அம்மா இருக்காங்கல்ல, அவங்கதான் மாப்பிளைக்கு அத்தையா இருக்கணும், அவங்க வீட்ட மேலயும் கீழயும் பாக்குறாங்க. ‘போட்டாவுல பெருசாத் தெரிஞ்சுச்சே’ங்குறாங்க. இந்தத் தரகரு வீட்டையெல்லாம் எப்பப் போட்டா எடுத்தாருன்னு எனக்கு ஒரே ரோசன. ‘சுடுதண்ணி எந்நேரமும் வருமா?’ன்னாங்க. வரும்னேன். ‘கட்டில் எத்தன?’ன்னாங்க. ஆகா, சீரப் பத்திச் சுத்தி வளச்சுக் கேக்குறாங்கடா சேனாதி, சிக்கிட்டன்னு நெனச்சேன். ‘மாப்பிள எங்கங்க?’ன்னு பேச்ச மாத்துனா, மொட்டக்காரரு காதுல சரியா விழாத மாதிரி, ‘மத்தவங்க பின்னாடி வண்டியில வர்றாங்க’ன்னாரு. சரி, மாப்பிள வர்ற வரைக்கும் இந்தக் கட்டில் பேச்ச எப்புடியாவது தள்ளிப்போடணுமே! அதுக்குத்தான் தம்பி ரிமோட்ட எடுத்தேன். சத்தியமா அதுக்கு மட்டுந்தான்.

நீங்க ‘குருவிக் கப்பல்’ பாத்துருக்கீங்களா? பாக்கலையா! ஒரு எபிசோடு கூடவா? அட என்ன தம்பி, மலையேறி எறங்கி வண்டி ஓட்டுறீங்க, ராத்திரி வீட்டுக்குப் போயி என்னத்தத்தான் பாப்பீங்க? வெளிநாட்டுக்காரன் எடுத்தது, நம்மூர்ல தமிழ்ல பேசிப் போட்டாய்ங்க. கத என்னன்னா, எல்லாக் கெரகத்துலயும் தண்ணி வத்திப் போச்சு. ஒரே ஒரு ஓட்டக் கப்பலு, பேரு குருவி, அது நட்சத்திரம் நட்சத்திரமாப் போயி தண்ணி ஊத்துது. நம்ம தண்ணி லாரி மாதிரின்னு வச்சுக்கங்க, ஆனா ஆகாசத்துல. கேப்டன் ஒரு பொம்பள, ஓரான்னு பேரு, வாயத் தெறந்தா வசவுதான். சமையலுக்கு ட்ரிம்போன்னு ஒரு பிராணி, மூணு கையி, வாயே பேசாது. அது தோச சுடுறதப் பாக்கணுமே! தோச இல்ல, என்னமோ நீலமா ஒண்ணு. ஆனா சுடுற பக்குவம் தோசதான்.

இதுல ஒரு சங்கதி இருக்கு தம்பி, புதுசாப் பாக்குற ஆளுக்கு இத எங்கருந்து ஆரம்பிக்கணும்ங்குறதுதான். அதுலதான் ஒலகமே ரெண்டாக் கெடக்கு. என் வீட்டுக்காரி கந்தம்மா என்ன சொல்லுவான்னா, மொத எபிசோடுலருந்து வரிசையாப் பாக்கணும்பா. பாத்தா வெளங்குமா? மொத சீசன்ல கப்பலு செவுரு ஆடும் தம்பி! கதவ மூடுனா செவுரு ஆடும்! வேத்துக் கெரக ஆளுன்னு ஒருத்தன் வருவான், ஒடம்பு பூராம் சாக்கு. உருளைக்கெழங்கு மூட்ட நடந்து வர்ற மாதிரி இருக்கும். அதப் பாத்துட்டு எவன் ரெண்டாவது எபிசோடுக்கு உக்காருவான்? எத்தன பேர நான் அப்புடி இழந்துருக்கேன் தெரியுமா! கரண்டு ஆபீஸ்காரரு போனாரு, பால்காரரு போனாரு, பாதிரியார் தோட்டத்துல வேல பாத்த ஒரு அருமையான மனுசன், அவரும் போயிட்டாரு. இப்ப என்னப் பாத்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நடக்குறாரு.

நான் கண்டுபுடிச்ச வழி வேற. நேரா ரெண்டாவது சீசன், குடம் எபிசோடு. கேளுங்க, கேளுங்க, டீ ஆறுனா ஆறட்டும். குருவி ஒரு கெரகத்துக்குத் தண்ணி கொண்டு போகுது. போறதுக்கு லேட்டாயிருச்சு, ரொம்ப ரொம்ப லேட்டு. எறங்கிப் பாத்தா சனமே இல்ல. ஒரே ஒரு எந்திரம், காவக்காரன் மாதிரி, அது மட்டும் நிக்கிது. அது பின்னால பாத்தா, கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் குடம்! வரிச வரிசையா, ஒவ்வொண்ணுலயும் ஒரு பேரு எழுதி, எந்திரம் தெனமும் தூசி தட்டி வச்சுருக்கு. ‘தண்ணி எப்ப வரும்’னு கேக்க ஆளே இல்ல, ஆனா அது காத்துக்கிட்டு இருக்கு. அந்த ஓரா இருக்காளே, வசவு ஓரா, அவ ஒரு வார்த்த பேசல தம்பி. ஓசு பைப்பப் புடிச்சு இழுத்துட்டு வந்து, குடிக்க ஆளில்லாத ஊருல, ஒவ்வொரு குடமா ரொப்புறா. ஒவ்வொண்ணா! ஒரு குடத்தக் கூட விடல... பாருங்க, சொல்லும்போதே எனக்கு... இந்தக் கம்பளி நூலு கண்ணுல படுது, வேற ஒண்ணும் இல்ல.

நம்மூருப் பொம்பளைங்க குழாயடியில நின்னவங்க தம்பி. அந்த எபிசோடப் பாத்துட்டு எந்திரிச்சுப் போன ஒருத்திய எனக்குக் காட்டுங்க!

அத்தன நல்ல சங்கதியச் சொன்னா நம்ம சொந்தக்காரய்ங்க என்ன சொல்றாய்ங்க? ‘சேனாதி வீட்டுக்குப் போகாத, உக்கார வச்சுருவான்’ங்குறாய்ங்க! என் கூடப்பொறந்தவன் ஒருத்தன் இருக்கான், சுப்புராஜு, கவுஞ்சியில கேரட்டும் பூண்டும் போட்டுருக்கான். அவன் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில புள்ளைய வச்சு ஆசாரி ஊசிய எடுக்குறாரு, சபையில ஒருத்தன் பாக்கல. ஏன்? மண்டபத்துல பெரிய தெர இருந்துச்சு, நான் சும்மா ஒரு எபிசோடப் போட்டேன். புள்ள அழுகுது, சபையும் அழுகுது, புள்ள ஊசிக்கு அழுகுது, சபை ஓராவுக்கு அழுகுது. அதுக்குப் போயிக் கோவிச்சுக்கிட்டான் தம்பி! இன்னொரு கல்யாணத்துல மொய்க் கவருக்குள்ள பென் டிரைவ் வச்சுக் குடுத்தேன், மூணு சீசனும் இருக்கு, ஆயுசுக்கும் பாக்கலாம். மொய் எழுதுற எடத்துல மைக்குல படிச்சுட்டாய்ங்க, ‘செண்பகனூர் சேனாதிபதி, ஒரு கருப்புக் குச்சி’ன்னு. மண்டபமே சிரிச்சுச்சு. கந்தம்மாவோட அண்ணன் அன்னக்கிப் போனவருதான், வாசப்படி மிதிக்கல.

அதுதான் தம்பி என் கவல. வெளையாட்டாப் பேசிக்கிட்டு இருக்கேன், ஆனா உள்ளுக்குள்ள அதுதான் அரிக்கிது. போன தடவ ஒரு எடம் வந்துச்சு, வத்தலக்குண்டுப் பக்கம். எல்லாம் பேசி முடிச்சாச்சு, கெளம்பும்போது மாப்பிளையோட தாத்தா கேக்குறாரு, ‘பொண்ணு வீட்டுல ஆளுங்க யாரையும் காணோமே? பங்காளி இல்லையா? மாமன் மச்சான் இல்லையா? ஆளில்லாத வீட்டுல எப்புடிங்க சம்பந்தம் பண்றது?’ன்னு. போனவங்க போனவங்கதான். அன்னக்கி ராத்திரி என் மக ஷர்மிளா அவ பாட்டுக்குப் பாத்திரம் தேச்சுக்கிட்டு இருந்தா, தேச்ச பாத்திரத்தையே திருப்பித் திருப்பித் தேச்சா. அத நான் பாத்தேன் தம்பி.

இந்த எடத்துக்கு அவ மொத மொதலா ‘சரிப்பா’ன்னா. போன்ல ரெண்டு பேரும் பேசிருக்காக போலருக்கு, சிரிச்ச மூஞ்சியா இருந்தா. நானும் இந்தத் தடவ விடக்கூடாதுன்னு தரகர்கிட்ட வாய விட்டுட்டேன், ‘எங்க பக்கத்து ஆளுங்க வீடு நெறைய இருப்பாங்க சிவமுருகா, ஒக்காரத்தான் எடமிருக்காது’ன்னு. சுப்புராஜுக்குப் போன் போட்டுக் கெஞ்சுனேன். ‘டிவிய வித்துட்டுக் கூப்புடு, வர்றேன்’ங்குறான். ஏலே, அண்ணன் மக கல்யாணம்டா! ம்ஹூம். கடைசியில இன்னக்கி எங்க பக்கம் யாரு? நானு, கந்தம்மா, ஷர்மிளா. அம்புட்டுத்தான். வந்தவங்க அதையும் கேட்டுருவாங்களோன்னுதான் கையி தானா ரிமோட்டுக்குப் போச்சு.

போட்டேனா, குடம் எபிசோட... மொதல்ல அந்த மூக்குத்தியம்மா, ‘இதென்னங்க இங்கிலீசுப் படம், பக்திப் பாட்டு போடுங்க’ன்னாங்க. நான் வாயத் தெறக்கல. நான்! வாயத் தெறக்கல! குடம் தெரிஞ்சுச்சு பாருங்க, அந்த வரிச... ‘அய்யோ, இதுல எத்தன குடம்!’ன்னாங்க. அவ்ளோதான், முடிஞ்சுச்சு. முந்தானைய எடுத்துக் கண்ணத் தொடச்சாங்க. பெரிய மொட்டக்காரரு மூக்கச் சிந்துறாரு. ‘அந்தக் கடைசிக் குடத்துல யாரு பேரு இருக்கு?’ன்னு ஒரு பொடிசு கத்துது. உள்ள ஷர்மிளாவுக்குக் காதுல விழுந்துருச்சு. அவளால தாங்க முடியுமா? என் மகளாச்சே! காபித் தட்ட அப்புடியே வச்சுட்டு, பட்டுச் சேலைக்கு மேல ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு, வந்து தரையில உக்காந்துட்டா. ரிமோட்டு இப்ப அவ கையில. நல்ல பொண்ணு பாத்தாய்ங்க போங்க! பொண்ணு தரையில சம்மணம் போட்டு உக்காந்து, மாப்பிளையோட அத்தையப் பாத்து, ‘பேசாமப் பாருங்கம்மா, இப்பத்தான் முக்கியமான எடம் வருது’ன்னு அதட்டுறா. அந்தம்மா, ‘சரி சாமி, சரி சாமி’ங்குறாங்க. எங்கயாச்சும் நடக்குமா? கந்தம்மா கதவிடுக்குலருந்து எனக்குக் கையக் காட்டுறா, வெட்டுற மாதிரி.

இருங்க தம்பி, இன்னும் முக்கியமானதச் சொல்லல. அதுக்குத்தான் ஒங்கிட்ட ஓடியாந்தேன்... ஒங்ககிட்ட. சந்தோசத்துல வாய் கொழறுது. நீங்க வேற என்னமோ திரும்பத் திரும்ப ‘அய்யா, ஒரு நிமிசம்’ங்குறீங்க. ஒரு நிமிசத்துல என்ன குடி முழுகிரப் போகுது!

பொண்ணு பாக்க வந்த எடத்துல பேச்சு முடியாம கை நனைக்க மாட்டாங்கல்ல? பலகாரம் திம்பாங்க, காபி குடிப்பாங்க, எலையில உக்கார மாட்டாங்க. உக்காந்து சோத்துல கையி வச்சுட்டாங்கன்னா சம்மதம்னு அர்த்தம். அப்புறம் யாரும் பின்வாங்குறதுங்குற பேச்சுக்கே எடமில்ல. சரிதான? கந்தம்மா எதுக்கும் இருக்கட்டும்னு சமையலப் பண்ணி வச்சுருந்தா. பூண்டுக் கொழம்பு. மலப்பூண்டு தம்பி, தாளிச்சா பக்கத்து வளைவு வரைக்கும் வாசம் போகும். அந்த மூக்குத்தியம்மா டிவியில இருந்து கண்ண எடுக்காம, ‘சாப்பாடு ரெடியாங்க? இங்கயே வச்சுருங்க, எந்திரிச்சா சீன் போயிரும்’னாங்க!

நான் ஆடிப் போயிட்டேன். கந்தம்மாவப் பாத்தேன், கந்தம்மா என்னப் பாத்தா. ‘மொறப்படி பொண்ணப் பாக்காமயே கை நனைக்கிறாங்களே, இது அடுக்குமா?’ங்குறா அவ. ‘ஏய் கந்தம்மா, எலையப் போடு மொதல்ல, அடுக்குமா அடுக்காதான்னு பெறகு பாப்போம்’னேன். போட்டோம். பெரிய மொட்டக்காரரு சோத்தப் பெசஞ்சாரு. மூக்குத்தியம்மா கொழம்ப ரெண்டாந்தரம் வாங்குனாங்க, அப்புறம் ரசத்தக் கையில ஏந்திக் குடிச்சாங்க. பொடிசெல்லாம் அப்பளத்த நொறுக்குதுங்க. முழுசாக் கை நனஞ்சுருச்சு தம்பி! வெரலுலருந்து முழங்கை வரைக்கும் நனஞ்சுருச்சு! எம் மகளுக்குக் கல்யாணம் முடிஞ்ச மாதிரிதான். பங்காளி எங்கன்னு ஒருத்தர் கேக்கல, மாமன் எங்கன்னு ஒருத்தர் கேக்கல. எல்லாத்தையும் குருவிக் கப்பல் பாத்துக்கிருச்சு. நான் வாசலுக்கு ஓடியாந்து, யாருகிட்டயாவது சொல்லணும்னு பாத்தா, நீங்கதான் வண்டியில உக்காந்துருந்தீங்க. அதான் டீய எடுத்துக்கிட்டு...

சரி, இப்பச் சொல்லுங்க. என்ன சொல்ல வந்தீங்க?

...

என்னது?

திரும்பச் சொல்லுங்க. மெதுவா.

ராசிபுரமா? யாரு ராசிபுரம்? இவங்களா? பழனியில மொட்ட போட்டுட்டு... கொடைக்கானல் சுத்திப் பாக்க... வாடகைக்குத் தங்குற ஹோம் ஸ்டேயா! பச்சக் கேட்டு வீடுன்னு ஹோம் ஸ்டேக்காரங்க போட்டாவ அனுப்புனாங்களா? அது அடுத்த வளைவுல்ல இருக்கு! அந்தக் கேட்டும் பச்சதான்... முருகா... பொறவு ஏன்யா நீங்க காலையிலயே சொல்லல? சொன்னீங்களா? நான் விடலையா? அதுவும் சரிதான்... நான் எங்க விட்டேன்.

அப்ப ‘சுடுதண்ணி வருமா’ன்னது... ‘கட்டில் எத்தன’ன்னது... ‘மத்தவங்க பின்னாடி வர்றாங்க’ன்னது... அய்யய்யோ, என் மகள வேலைக்கு நிக்கிற புள்ளன்னு நெனச்சுருப்பாங்களே! அதான் அந்தம்மா ‘வீட்டு மனுசங்க மாதிரி கவனிக்கிறீங்க’ன்னாங்களா? நான் அத வேற மாதிரி எடுத்துக்கிட்டு வெக்கப்பட்டேன் தம்பி! சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கிறீங்க. சரி, சிரிங்க, எனக்கே சிரிப்பு வருது, வயித்தெரிச்சலும் வருது, ரெண்டும் சேந்து வருது.

இருங்க, போன் அடிக்கிது. டவரு வந்துருச்சு போல. ஹலோ... சிவமுருகனா? எங்கய்யா இருக்க... மரம் விழுந்துருச்சா? பெருமாள்மலைக்கிட்டயா? காலையிலருந்து அங்கயேவா நிக்கிறீங்க? அறுத்துப் போட்டாச்சா... கெளம்பிட்டீங்களா... இந்தா, எங்க? செண்பகனூர் ஏத்தமா! ஆங்... ஆங், வாங்க வாங்க. மாப்பிளையோட தாத்தா வர்றாரா? அவரு என்ன கேட்டாரு? ...ஆமா. ஆமாய்யா. ஆளுங்க இருக்காங்க. எங்காளுங்க வீடு நெறைய... வச்சுர்றேன்.

செத்தேன் தம்பி. இந்தா வந்துட்டாங்க. தாத்தா மொதக் கேள்வியே, ‘பொண்ணு வீட்டுக்காரங்கல்லாம் வந்துட்டாங்களா’ன்னுதானாம். நான் என்னத்தக் காட்டுவேன்? யாரு என்னன்னே தெரியாத ராசிபுரத்து ஆளுங்க நடுவீட்டுல எலையப் போட்டுச் சாப்புட்டுக்கிட்டு இருக்காங்க. பாக்குறவங்க என்ன நெனப்பாங்க? வேற எடத்துக்காரங்க வந்து கை நனச்சுட்டாங்கன்னுல்ல நெனப்பாங்க! வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிருவாங்க. போச்சு. எம் புள்ள இன்னக்கியும் பாத்திரத்தத் தேய்க்கணும். எல்லாம் இந்த வாயால வந்தது. காலையில ஒரே ஒரு தடவ ‘நீங்க யாருங்க’ன்னு கேட்டுருந்தா முடிஞ்சுருக்கும். நான் கேக்குற சாதியா? சொல்ற சாதி.

உள்ள போயி எழுப்பி விட்ருவோம்ங்குறீங்களா? எப்புடி எழுப்புறது? காதக் குடுத்துக் கேளுங்க, கேக்குதா அந்தப் பாட்டு? மூணாவது சீசன் கடைசி எபிசோடு! ஷர்மிளா குடத்துலருந்து நேரா அங்க தாவிட்டா, என்ன மாதிரியே தைரியசாலி. இதுலதான் தம்பி கப்பலு உருகி விழப் போற நேரத்துல அந்த ட்ரிம்போ, இத்தன வருசமாப் பேசாத பிராணி, மொதத் தடவையா வாயத் தெறக்கும். ஒரே ஒரு வார்த்த சொல்லும். என்ன வார்த்தன்னு நாக்க அறுத்தாலும் சொல்ல மாட்டேன். அந்த எடத்துல ஒருத்தர எழுப்பி வெளிய போங்கன்னா, அந்தப் பாவம் எனக்கு ஏழு சென்மத்துக்கும்... எங்க மாமனாரு சாவுச் செய்தி வந்தப்பக் கூட கந்தம்மா கையக் காட்டி, ‘அஞ்சு நிமிசம்’ன்னா தம்பி. சொந்தத் தகப்பன்! அந்த எடத்த நிப்பாட்ட யாருக்கு மனசு வரும்?

வேணாம். அவங்க பாக்கட்டும். என் மானம் போனாப் போகுது, அவங்களாச்சும் அந்த வார்த்தையக் கேக்கட்டும். நான் கேட்டுலயே நின்னு தாத்தா கால்ல விழுந்து உள்ளதச் சொல்லிர்றேன். இப்புடிச் சொல்லுவேன்: ‘அய்யா, எங்களுக்கு ஆளுங்க இல்ல. இருந்த ஆளுங்கள நான்தான் வெரட்டிட்டேன். புள்ள மேல தப்பில்ல. அவ நல்லா சமைப்பா, நல்லாச் சிரிப்பா, கூரையில ஏறி டிஷ்ஷு கூட மாட்டுவா’... இல்ல, டிஷ்ஷு வேணாம். எப்புடி இருக்கு தம்பி? சரியா வருமா? ‘ஆளுங்க இல்ல’ன்னு மொதல்ல சொல்லவா, கடைசியாச் சொல்லவா?

தம்பி?

ஞானவேல் தம்பி! அட, எங்க போனீங்க? வண்டிக்குள்ள ஆளையே காணோமே. டீ கிளாசு மட்டும் சீட்டுல இருக்கு. போச்சுடா, இவரும் உள்ள போயி உக்காந்துட்டாரா? ஒரு எபிசோடு கூடப் பாக்காத ஆளு, நான் சொன்னதக் கேட்டே மாட்டிக்கிட்டாரு போல. சரி, நல்லா இருக்கட்டும். ஒரு ஆள சேத்து விட்டோம், அதுவாச்சும் மிச்சம்.

ஆரன் சத்தம். வந்துட்டாங்க. பனிக்குள்ள ரெண்டு லைட்டு தெரியுது. சேனாதி, கம்பளிய எடுத்துட்டு வேட்டிய ஒழுங்காக் கட்டு...

என்ன அது? பாட்டு நின்னுருச்சு. கரண்டு போச்சா? இல்ல, லைட்டு எரியுதே. ஏ புள்ள ஷர்மிளா, என்னத்துக்கு நிப்பாட்டுன? இப்ப அந்த எடம்ல வருது! கேப்டன் ஓரா கண்ண மூடி... அது வாயத் தெறக்கப் போற...

யாரு, நீங்களா தம்பி? நீங்களா போயிச் சொன்னீங்க? எல்லாத்தையுமா?

அம்மா... நீங்க எதுக்கும்மா எந்திரிச்சு வந்தீங்க? கையக் கழுவிட்டு, கொண்டையெல்லாம் முடிஞ்சுக்கிட்டு... பூ யாரு குடுத்தா? கந்தம்மாவா? அய்யா, நீங்க துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு... பொடிசுங்கள வேற வரிசையா நிக்க வச்சுருக்கீங்க... என்ன கேக்குறீங்கம்மா? நீங்க பொண்ணுக்கு என்ன முறையாகணும்னா? அத்தையா, சித்தியான்னா?

எனக்கு... தம்பி, எனக்குப் பேச்சு வரல. நீங்க சொல்லுங்க. நீங்களே எதாச்சும் சொல்லுங்க.

அந்த எடத்துல நிப்பாட்டிட்டு வந்துருக்காங்க. அந்த எடத்துல!

வாங்க... வாங்க வாங்க, பாத்து எறங்குங்க தாத்தா, தர ஈரமாக் கெடக்கு. இவங்களா? இவங்கல்லாம் யாருன்னா கேக்குறீங்க? எங்க ஆளுங்க. எங்க ஆளுங்கதாங்க எல்லாரும். வெரசா உள்ள வாங்க, எல்லாத்தையும் உக்காந்து பேசிக்கிரலாம், அங்க ட்ரிம்போ வாயத் தெறந்தது தெறந்தபடியே நிக்கிது!